செவிக்கு விலை உண்டோ?

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலைப் பொழுது. செபமாலை முடிந்து மக்கள் கலைந்து சென்ற பின், எங்கள் பங்கின் பாடகர் குழுவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் தயங்கித் தயங்கி என் அறை வாயிலில் வந்து நின்றார். எங்களுடையது கடலோரப் பங்கு. அவருடைய தந்தை பல ஆண்டுகளுக்கு முன் கடலுக்குச் சென்று திரும்பாதவர். அந்தத் தந்தையை நினைந்து மகன் ஒரு பாடல் இயற்றி, மெட்டமைத்து, நண்பர்களின் உதவியோடு பதிவும் செய்திருந்தார். அப்பாடலுக்கு அவர் இட்ட பெயர் 'சோழகம்'. தெற்கிலிருந்து வீசும் காற்றுக்கு எங்கள் கடற்கரை மக்கள் வழங்கும் பெயர் அது.

அப்பாடலை வெளிநாட்டுத் தமிழ் வானொலி ஒன்றுக்கு அவர் அனுப்பியிருந்தார். அங்கிருந்து, நிலையத்தோடு தொடர்புடையவர் என்று தம்மை அறிமுகம் செய்துகொண்ட ஒருவர் பேசினாராம். பாடல் நன்றாகவே இருக்கிறது. ஆனால் இரண்டு காரியங்கள் ஆக வேண்டும் என்றாராம். முதலாவது, வாரம் இருமுறை ஒலிபரப்புவதற்கு ஒரு தொகை தர வேண்டும். அதை எங்கும் சொல்லக் கூடாது. இரண்டாவது, 'சோழகம்' என்றால் அங்கே யாருக்கும் விளங்காது. ஆகவே எல்லாருக்கும் தெரிந்த வேறு பெயர் சூட்ட வேண்டும். பாட்டில் வரும் கடற்கரைச் சொற்களையும் மாற்ற வேண்டும். கேட்ட தொகையைக் கொடுக்கத் தங்கையின் திருமணத்திற்கெனச் சேர்த்த பணத்தில் கைவைக்க வேண்டும்.

"சாமி, நாலு பேர் காதில் விழத்தானே பாட்டு? கொடுத்தால் என்ன தவறு?" என்று அவர் கேட்டார்.

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்றவன் என்ற முறையில் அங்கேயே ஒரு விடையை நான் சொல்லியிருக்கலாம். ஆயினும் அவர் முகத்தில் இருந்த ஏக்கம் என்னைத் தடுத்தது. ஒரு வாரம் தவணை கேட்டேன். அந்த ஒரு வாரத்தில் எண்ணியவற்றையே இங்கு எழுதுகிறேன். கேள்வி ஒரு பாட்டைப் பற்றியதாகத் தோன்றினாலும், அதன் வேர் ஆழமானது. அன்னியர் ஒருவரின் செவியை எட்டுவதற்கு மனிதன் எவ்வளவு கொடுக்கலாம்? தன்னை எவ்வளவு மாற்றிக்கொள்ளலாம்?

வானொலிக்கு ஒரு நாளில் இருப்பது இருபத்து நான்கு மணி நேரமே. அதற்குள் செய்தியும் விளம்பரமும் போக எஞ்சும் நேரத்தில் எந்தப் பாடல், எத்தனை முறை என்பதை யாரோ ஒருவர் தெரிந்தெடுத்தே ஆக வேண்டும். ஆகவே வாயில் என ஒன்றும் வாயில் காப்போன் என ஒருவரும் இருப்பது தவிர்க்க இயலாதது. அதில் பாவம் ஏதுமில்லை. ஆனால் அயல்நாட்டுப் பாடல் அந்த வாயிலுக்கு வரும்போது மூன்று குறைகளோடு வருகிறது: மொழி புரியாது, பாடியவரின் பெயர் தெரியாது, பரிந்து பேச உள்ளூரில் ஆளில்லை. இம்மூன்று குறைகளையும் தாங்கிய இரு பாடல்கள் 1963ஆம் ஆண்டில் அமெரிக்க வானொலிகளை நிறைத்தன. அவ்விரண்டின் வரலாறும் நமக்குப் பாடமாக அமைகிறது.

முதலாவது, ஜப்பானியப் பாடகர் சக்கமோட்டோ கியூ 1961இல் பாடிய பாடல். இசையமைத்தவர் நக்கமுரா ஹச்சிதாய். எழுதியவர் எய் ரொக்குசுகே. 'மேல்நோக்கியபடி நடப்போம்' என்பது அதன் ஜப்பானியத் தலைப்பின் பொருள். கண்ணீர் கீழே சிந்தாதிருக்க வானத்தைப் பார்த்தபடி நடக்கும் ஒரு மனிதனின் பாட்டு அது. காதல் துயரப் பாடலாகவே பலர் அதைக் கேட்டனர். ஆனால், 1960ஆம் ஆண்டில் அமெரிக்காவோடு ஜப்பான் செய்துகொண்ட பாதுகாப்பு உடன்படிக்கைக்கு எதிரான போராட்டம் தோற்றுப்போன மனச்சோர்வில், ஆர்ப்பாட்டத்திலிருந்து வீடு திரும்பும் வழியில் பிறந்தது அதன் கருத்து என்பர்.

இப்பாடலை ஜப்பானில் கேட்டு மனம் பறிகொடுத்தவர் இங்கிலாந்தின் பை ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த லூயிஸ் பெஞ்சமின். கென்னி பால் என்பவரின் குழுவைக் கொண்டு சொற்களின்றி இசையாக மட்டும் அதைப் பதிவு செய்து வெளியிட்டார். ஜப்பானியத் தலைப்பு ஆங்கிலேயரின் நாவில் நுழையாது என்ற அச்சத்தால் அதற்கு 'சுக்கியாக்கி' என்று பெயரிடப்பட்டது. சுக்கியாக்கி என்பது மாட்டிறைச்சியும் காய்கறியும் சேர்த்துச் சமைக்கும் ஓர் உணவு! பாட்டுக்கும் அதற்கும் எள்ளளவும் தொடர்பில்லை. வெளிநாட்டார் அறிந்த ஜப்பானியச் சொல் அது என்பதே அப்பெயருக்குக் கிடைத்த தகுதி.

பின்னர் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பாஸ்கோ என்னும் சிறு நகரின் வானொலி அறிவிப்பாளர் ஒருவர் சக்கமோட்டோ ஜப்பானிய மொழியில் பாடிய இசைத்தட்டையே ஒலிபரப்பினார். கேட்டவர்கள் மீண்டும் மீண்டும் கேட்க விரும்பினர். கேப்பிட்டல் நிறுவனம் அந்த இசைத்தட்டை அமெரிக்காவில் வெளியிட்டது. 1963 ஜூன் 15 தேதியிட்ட 'பில்போர்ட்' பட்டியலில் அது முதலிடத்தை அடைந்து மூன்று வாரங்கள் அங்கேயே நின்றது. முழுக்க ஜப்பானிய மொழியில் அமைந்த பாடல் ஒன்று அவ்விடத்தைப் பெற்றது அதுவே முதல் முறை. உலகப் போர் முடிந்து அப்போது பதினெட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன என்பதையும் நினைவில் கொள்வோம். பகைவராய் இருந்தோரின் மொழியில் ஒருவன் அழுகையை அடக்கிக்கொள்கிறான். ஒரு சொல்லும் புரியாத மக்கள் அவனோடு சேர்ந்து நெஞ்சுருகுகிறார்கள்.

இங்கே யார் சரியாகக் கணித்தார், யார் தவறாகக் கணித்தார் என்று பாருங்கள். பெயரை மாற்றிய வணிகர்கள், மக்களின் செவி குறுகியது என்று எண்ணினர். சிறு நகரின் அறிவிப்பாளரோ மக்களின் செவியை நம்பினார். நம்பியவரே வென்றார். எனினும் ஒட்டிய பெயர் ஒட்டியதுதான். தன் நாட்டின் அரசியல் துயரத்தையும் தன் நெஞ்சின் துயரத்தையும் ஒருங்கே சுமந்து வந்த பாட்டை, அந்நாட்டு மக்கள் இன்றுவரை ஓர் உணவுப் பண்டத்தின் பெயராலேயே அறிவர். அதை அனுபவித்தார்கள், உண்மை. அது சொல்ல வந்த சாட்சியத்தின் ஒரு பகுதியோ வாயிலிலேயே கழற்றி வைக்கப்பட்டுவிட்டது.

இரண்டாவது பாடல் நமக்கு இன்னும் நெருக்கமானது. பெல்ஜியம் நாட்டில் வாட்டர்லூ அருகே ஃபிஷர்மோன் என்னுமிடத்துத் தொமினிக்கன் மடத்தில் வாழ்ந்த அருள்சகோதரி ஒருவர், தம் சபையின் தந்தையான புனித தொமினிக்கைப் போற்றி, கித்தார் மீட்டிப் பிரெஞ்சு மொழியில் பாடிய 'தொமினிக்' என்னும் எளிய பாடல் அது. அவருடைய இயற்பெயர் ஜனின் டெக்கர்ஸ். இசைத்தட்டு வெளியானபோது அவருக்கு இடப்பட்ட பெயர் 'புன்னகைச் சகோதரி'. அமெரிக்காவிலோ 'பாடும் அருள்சகோதரி' என்றே விற்றார்கள். 1963 டிசம்பர் 7 தேதியிட்ட பட்டியலில் அது முதலிடத்தை எட்டி நான்கு வாரங்கள் நிலைத்தது. அதற்கு மூன்று நாள்களுக்கு முன்னர்தான், டிசம்பர் 4 அன்று, திருத்தந்தை ஆறாம் பவுல் உரோமையில் சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய பொதுச்சங்க ஏட்டை வெளியிட்டிருந்தார். திருச்சபை வானொலியைப் பற்றிச் சங்கத்தில் பேசி முடித்த அதே வாரத்தில், ஒரு துறவியின் குரல் கடல் கடந்த வானொலிகளில் ஒலித்துக்கொண்டிருந்தது.

மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் அதன் பின்கதை மகிழ்ச்சியுடையதன்று. உலகம் விரும்பியது அவருடைய பாடல்களையா, அல்லது 'கித்தார் ஏந்திய துறவி' என்ற காட்சியையா என்ற ஐயம் விரைவில் எழுந்தது. 1966இல் அவர் மடத்தைவிட்டு வெளியேறினார். தாம் புகழ்பெற்ற அந்தப் பெயரால் பாட அவருக்கு உரிமையில்லாது போயிற்று, பெயர் அவருடையதன்று. சொந்த முயற்சியில் பின்னர் அவர் பாடியவற்றுக்கு முன்போல் வரவேற்பில்லை. பாட்டினால் அவர் பங்குக்கு வந்த வருவாய் சபைக்கே சென்றிருந்தது. அதற்குரிய வரியைப் பிற்காலத்தில் அரசு அவரிடமே கேட்டது. கடனாலும் மனச்சோர்வாலும் நலிந்த அவர் 1985ஆம் ஆண்டில் தம் தோழியோடு தம் உயிரை மாய்த்துக்கொண்டார். ஆண்டவரின் இரக்கம் அவர்களைத் தாங்கியிருக்கும் என்று நம்பிச் செபிப்பதே நம் கடமை, தீர்ப்பிடுவதன்று. அவருடைய துயரனைத்தும் ஒரு பெயரால் விளைந்தது என்றும் நான் சொல்லமாட்டேன். ஆயினும் ஒன்று தெளிவாகிறது: பிறர் கண்ணுக்கு இனிய போர்வையைப் போர்த்தி ஒருவரை உள்ளே அழைத்தால், போர்வைக்கே வரவேற்பு, உள்ளிருக்கும் மனிதர் வாயிலுக்கு வெளியே நின்றுவிடக் கூடும்.

இனி, பணத்தின் கதைக்கு வருவோம். அமெரிக்க வானொலி அறிவிப்பாளர்களுக்கு இசைத்தட்டு நிறுவனங்கள் மறைவாகப் பணம் தந்து தம் பாடல்களை ஒலிக்கச் செய்த வழக்கத்திற்கு 'பேயோலா' என்று பெயர். 1959, 1960 ஆண்டுகளில் அந்நாட்டுப் பாராளுமன்றக் குழு இதை விசாரித்தது. 'ராக் அண்ட் ரோல்' இசையைப் பரப்பிய புகழ்பெற்ற அறிவிப்பாளர் ஆலன் ஃபிரீட் வேலையிழந்தார். 1962இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 300 டாலர் அபராதம் செலுத்தினார். 1965இல், நாற்பத்து மூன்று வயதில், நொடித்த நிலையில் இறந்தார். 1960ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம், மறைத்துப் பெறும் பணத்திற்கு 10,000 டாலர் வரை அபராதமும் ஓராண்டு வரை சிறையும் விதித்தது. அப்படியும் வழக்கம் ஒழியவில்லை. இடைத்தரகர்கள் வழியாக வேறு உருவெடுத்தது. 2005இல் சோனி பி.எம்.ஜி. நிறுவனம் நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞரின் விசாரணையை முடித்துக்கொள்ள ஒரு கோடி டாலர் செலுத்த இசைந்தது. அங்கே கைமாறியது பணம் மட்டுமன்று. உல்லாசப் பயணங்களும் விலையுயர்ந்த கருவிகளும் கூடத்தான்.

இந்தச் சட்டத்தில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பணம் கொடுப்பதை அது முற்றாகத் தடுக்கவில்லை. 'இதற்குப் பணம் பெற்றோம்' என்று கேட்போருக்கு அறிவித்துவிட்டால் குற்றமில்லை. அவ்வாறாயின் குற்றம் எது? மறைப்பதே. அறிவிப்பாளர் ஒரு பாடலை ஒலிக்கும்போது, 'எனக்கு நல்லதெனத் தோன்றியது. நீங்களும் கேளுங்கள்' என்று வாய் திறந்து சொல்லாமலே சொல்கிறார். அந்தச் சொல்லை நம்பியே நாம் செவி கொடுக்கிறோம். பணத்திற்காக அதைச் சொன்னால் அது பொய்ச் சான்று. களவாடப்படுவது போட்டியாளரின் வாய்ப்பு மட்டுமன்று, கேட்பவரின் நம்பிக்கையும்தான். அறிவிப்பாளர் விற்பது தம்முடைய பொருளையன்று, நம்முடைய செவியை.

திருத்தூதர் பணிகள் நூலில் வரும் மந்திரவாதி சீமோனை வாசகர்கள் அறிவர். தூய ஆவியை அருளும் வரத்தைப் பணம் கொடுத்து வாங்க விரும்பியவன் அவன். புனிதமானதை விலைபேசும் பாவத்துக்கு அவன் பெயரே நிலைத்துவிட்டது. புனித தாமஸ் அக்குவினா அப்பாவத்தை ஆராய்கையில் அழகிய வேறுபாடு ஒன்றைக் காட்டுகிறார்: குருவின் வாழ்வுக்கு மக்கள் உதவுவது வேறு, அருளுக்கு விலை கொடுப்பது வேறு. அருள் வாழ்வைப் பற்றிச் சொன்ன இவ்வேறுபாடு உலகக் காரியங்களுக்கும் ஒளி தருகிறது. ஒலிப்பதிவுக் கூடத்திற்குக் கட்டணம், அனுப்பும் செலவு, பாடலை எடுத்துச் சென்று அறிமுகம் செய்பவருக்குக் கூலி ஆகிய இவையெல்லாம் உழைப்பின் ஊதியம், நியாயமானவை. ஆனால் 'இது நல்ல பாட்டு' என்ற தீர்ப்புக்கு விலையில்லை. அதற்கு விலை வைத்த கணமே அது தீர்ப்பாக இருப்பதை விட்டுவிடுகிறது. வாங்கியவன் கையில் எஞ்சுவது வெறும் ஓசை.

இங்கே ஒரு மறுப்பு எழும். 'பெரிய நிறுவனங்கள் வேறு வழிகளில் எல்லாம் வாயிலைத் திறந்துகொள்கின்றன. ஏழையின் பாட்டுக்கு வேறு வழி ஏது? எல்லாரும் கொடுக்கும்போது ஒருவன் கொடாதிருந்தால் அவன் மட்டும்தானே ஊமையாகிறான்?' இது எளிதில் தள்ளக்கூடிய மறுப்பன்று. அநீதியான வாயிலின் முன் நிற்கும் ஏழையின் குற்றமும், உள்ளிருந்து கை நீட்டுபவனின் குற்றமும் ஒரே எடையுடையன அல்ல. ஆனால் சற்று எண்ணிப் பார்த்தால், பணத்தால் திறக்கும் வாயில் ஏழைக்கு என்றும் சாதகமாக இராது. இன்று தங்கையின் திருமணப் பணத்தைக் கொடுத்து நுழைபவரை, நாளை அதைவிட இருமடங்கு கொடுப்பவர் வெளியே தள்ளுவார். ஏழைக்கு உள்ள ஒரே காப்பு, கேட்பவர் நேர்மையாகக் கேட்பதுதான். அதை அவரே விலைக்கு வாங்கினால், தம்முடைய ஒரே காப்பைத் தாமே அழித்தவராகிறார்.

வேறொன்றும் சொல்ல வேண்டும். எந்த நாடும் தன் மொழிக்கு முதலிடம் தருவது குற்றமாகாது. கனடா 1971 முதல் தன் வானொலிகளில் உள்நாட்டு இசைக்கு விழுக்காடு ஒதுக்கியது. பிரான்சு 1994ஆம் ஆண்டின் சட்டத்தால் பிரெஞ்சுப் பாடல்களுக்கு 40 விழுக்காடு ஒதுக்கி, 1996 முதல் நடைமுறைப்படுத்தியது. இவை வெளிப்படையான விதிகள். நுழைபவர் எவரும் படித்து அறியலாம். வீட்டார் முதலில் உண்பது நீதியே. விருந்தினரிடம் மறைவாகக் காசு பறிப்பதும், அவருடைய பெயரைக் கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்வதுமே அநீதி.

பெந்தக்கோஸ்து நாளில் நிகழ்ந்ததை இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கிறேன். பல நாட்டார் கூடியிருந்தனர். ஒவ்வொருவரும் தத்தம் மொழியில் கேட்டனர். ஆயினும் பேசியவர்கள் கலிலேயர் என்பதைக் கேட்டவர்கள் அறிந்தே இருந்தனர். ஊரையும் பெயரையும் மறைக்க வேண்டிய தேவை திருத்தூதர்களுக்கு ஏற்படவில்லை. விளங்கவைப்பது வேறு; மறைத்துக்கொள்வது வேறு. மொழிபெயர்ப்பும் விளக்கமும் கேட்பவருக்குச் செய்யும் தொண்டு. வேடமோ, கேட்பவருக்கு விளங்காது என்று நாமே முடிவு செய்து அவரைத் தாழ்த்துவதாகும்.

இவ்வளவும் எண்ணி முடித்தபோது, இளைஞருக்கு விடை சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்ற கேள்வி என்னைச் சுட்டது. நானும் ஒரு வாயில் காப்போன்தான். இரண்டாண்டுகளுக்கு முன் எங்கள் திருவிழாவின் தேர்ப்பவனிக்கு ஒரு புதிய பாடல் தேவைப்பட்டது. மீன் கூடை சுமந்து விற்கும் தாய் ஒருவர் கட்டிய பாட்டு ஒன்றும், ஒலிபெருக்கிக்கும் மின்விளக்குக்கும் செலவு ஏற்ற பெரியவர் ஒருவர் எழுதிய பாட்டு ஒன்றும் என் முன் இருந்தன. முன்னது சிறந்தது என்று அறிந்தேன். பின்னதைப் பாடச் சொன்னேன். எவரும் என் கையில் ஒரு காசும் வைக்கவில்லை. ஆனாலும் விலை கொடுக்கப்பட்டது, நான் பெற்றுக்கொண்டேன். அந்தத் தாய் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேளாததே என்னை அதிகம் வருத்துகிறது.

ஒரு வாரம் கழித்து இளைஞர் வந்தபோது முதலில் இதைத்தான் அவரிடம் சொன்னேன். பிறகு சொன்னேன்: "தம்பி, பணம் கொடுக்க வேண்டாம். பெயரையும் மாற்ற வேண்டாம். சோழகம் என்றால் என்ன, அது வீசும்போது கரையில் நிற்பவர்கள் எதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள் என்று நான்கு வரி எழுதிப் பாட்டோடு அனுப்புங்கள். ஒரு நிலையம் இல்லாவிட்டால் இன்னொன்று. எங்கோ ஓர் அறிவிப்பாளர் நேர்மையாகக் கேட்பார்." அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். "யாரும் கேட்காமலே போய்விட்டால், சாமி?" என்றார். அப்படியும் நேரலாம் என்பதை மறைக்க எனக்கு மனமில்லை. "நேரலாம், தம்பி" என்றேன்.

அவர் நான்கு நிலையங்களுக்கு அனுப்பினார். இதுவரை ஒன்றிலிருந்தும் மறுமொழி இல்லை. கடந்த நவம்பர் இரண்டாம் நாள், இறந்தோர் நினைவு நாளன்று, கல்லறைத் தோட்டத்தில் மெழுகுதிரிகள் எரிந்துகொண்டிருக்க, அவர் அப்பாடலைப் பாடினார். கடலில் தொலைந்தவர்களுக்குக் கல்லறை இல்லை; அவர்களுடைய வீட்டார் சிலுவையடியில் நின்றார்கள். 'சோழகம்' என்ற சொல் வந்தபோது முதியவர்கள் பலர் தெற்கு நோக்கித் திரும்பினர். அந்தச் சொல்லை மாற்றியிருந்தால் அவர்கள் திரும்பியிருக்கமாட்டார்கள்.

அதற்கு முன்பாக, அதே கல்லறைத் தோட்டத்தில், மீன் விற்கும் அந்தத் தாயின் பாட்டையும் பாடினோம். இரண்டாண்டு தாமதம் என்னுடையது.

அன்பு வாசகர்களே, நம்மில் பலர் ஏதேனும் ஒரு வாயிலில் நிற்கிறோம். யார் பேசலாம், யார் பாடலாம், யாருடைய மனு மேசைமேல் முதலில் வைக்கப்படும் என்று முடிவு செய்யும் சிறிய அதிகாரம் நம் கையில் இருக்கிறது. வெளியே நிற்பவர் யார், அவர் கையில் என்ன கொண்டு வந்திருக்கிறார் என்று பார்ப்பதற்கு முன், அவர் சொல்வதைக் கேட்டோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். செவி நமக்கு விலையின்றித் தரப்பட்டது. விலையின்றியே அதைப் பிறருக்குக் கொடுப்போம்.